எலுமிச்சை வண்டிகள்

புது வண்டி எடுத்தால் நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டுவது நம்மூர் வழக்கம். கண்ணேறு கழியும், வண்டி மக்கர் பண்ணாது என்று ஒரு நம்பிக்கை. அமெரிக்கர்களுக்கோ மக்கர் பண்ணுகிற வண்டிக்குப் பேரே எலுமிச்சைதான். வெளியே பளபளப்பு, கடித்தால் புளிப்பு.

அந்தக் கொச்சைச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்து ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் 13 பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன்பு மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. 2001-ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைக்க அந்தக் கட்டுரையே முக்கியக் காரணம். அவர் சொன்னது இவ்வளவுதான்: பழைய வண்டியை விற்கிறவருக்கு அதன் குறை தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் எதற்கும் நடுத்தரமான விலையைத்தான் கேட்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் 'இந்த விலைக்கு நான் ஏன் கொடுக்கணும்?' என்று ஒதுங்கிக்கொள்வார். மிச்சமிருப்பது சொத்தை. வாங்குகிறவர் இன்னும் குறைத்துக் கேட்பார். இப்படியே போனால் சந்தையில் சொத்தை மட்டும்தான் நிற்கும்.

பலருக்கும் தெரியாத விஷயம், அந்தக் கட்டுரைக்குள் இந்தியா இருக்கிறது. அகெர்லாஃப் 1967-68-ல் டெல்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்தவர். கடை அரிசியில் அதே நிறத்தில், அதே வடிவத்தில் வேண்டுமென்றே கல் கலப்பதையும், வீட்டுப் பெண்கள் அதைப் பொறுக்கி எடுப்பதையும் அவர் எழுதுகிறார். உள்ளூர் வட்டிக்காரர் ஏன் வங்கியைவிட அதிக வட்டி வாங்க முடிகிறது என்றும் கேட்கிறார். ஆளைத் தெரிந்திருப்பதுதான் அவருடைய மூலதனம் என்பது பதில்.

ஆளைத் தெரிந்து பணம் கொடுப்பது என்றதும் திருப்பூர் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூர் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்து 2004-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெளிவந்த இதழ், அகெர்லாஃபைத் திருப்பி அனுப்பிய மூன்றில் ஒன்று! கவுண்டர் சமூகத்து முதலாளிகள் தொழிலில் போட்டிருந்த மூலதனம் அதிகம். வெளியூரிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலில் தொடங்கினாலும் வேகமாக வளர்ந்தார்கள். அப்படியென்றால் பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, தெரிந்த ஆளைத் தேடிப் போனது. சொந்தத்துக்குள் சுற்றிய பணத்துக்கு வெளியே போக வழி தெரியவில்லை.

'நம்ம ஆளு வண்டிங்க, கண்ண மூடிட்டு எடுங்க' என்ற வாக்கியத்தின் பலமும் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. நம்பிக்கை ஆளைப் பற்றியது. கியர்பாக்ஸைப் பற்றியது இல்லை. நல்ல மனுஷனிடமும் சொத்தை வண்டி இருக்கும், அது அவருக்கே தெரியாமலும் இருக்கும்.

ஒரு காலத்தில் இந்தக் கவலை ரொம்பச் சிறியதாக இருந்தது. அம்பாசடர், பியட் (பின்னாளில் பிரீமியர் பத்மினி), சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று நாட்டில் ஓடிய கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். புது வண்டிக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதனால் பழைய வண்டிக்கும் மவுசு குறையாது. 1950-களின் பிற்பகுதியில் வந்த அம்பாசடர், 2014-ல் தயாரிப்பு நிற்கும்வரை தோற்றத்தில் பெரிதாக மாறவில்லை. அதன் நோய் எல்லாம் ஊர் மெக்கானிக்குக்கு மனப்பாடம். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து, சத்தத்தைக் கேட்டே 'இஞ்சின் வேலை இருக்குதுங்க' என்று சொல்லிவிடுவார். நம்பகத்தன்மை ஆராய்ச்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. மெக்கானிக்கின் காதுதான் ஆய்வகம்.

1993-ல் கார் தயாரிப்புக்கு லைசென்ஸ் முறை நீக்கப்பட்டது. 1995-ல் புனேயில் மெர்சிடிஸ் தயாராகத் தொடங்கியது. பெரிய எஸ்.யூ.வி.க்களில் சில நம் மாநிலத்துச் சரக்கே: பஜேரோ திருவள்ளூரில், எண்டெவர் மறைமலை நகரில். பி.எம்.டபிள்யூ. 2007-ல் சென்னைக்கு அருகே ஆலை திறந்தது. திருப்பூர் தனி மாவட்டமான 2009-ல்தான் பார்ச்சூனரும் இந்தியாவுக்கு வந்தது. இது தற்செயல்தான். ஆனால் நூலைக் கடனுக்கு எடுத்து, ஆர்டரை முடித்து, டாலர் வந்ததும் அடைக்கிற ஊரில், வாசலில் நிற்கும் பெரிய வண்டி ஒரு ஜாமீன் கையெழுத்து மாதிரி. வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. புதிதாக வாங்க முடியாதவர் பழையதைத் தேடுவதும் அதனால்தான். அப்பா, அம்மா, பிள்ளைகள், பழனிக்கு ஒரே வண்டியில் போகிற வசதி என்று வீட்டுக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சொகுசு வண்டியின் விலை முதல் சில வருஷங்களிலேயே மளமளவென்று இறங்கும். ஆனால் அதன் உதிரிப் பாகங்களின் விலை இறங்காது. பாதி விலைக்கு வாங்கின வண்டிக்கும் ஏர் சஸ்பென்ஷன் முழு விலைதான். புது ஓவர்லாக் மெஷினுக்குப் போக வேண்டிய பணம் ஒரு கியர்பாக்ஸுக்குப் போய்விட்டால், அந்த வருஷம் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் எழுந்திருக்காது. ஊர் மெக்கானிக்கின் காதும் இங்கே போதாது. எத்தனையோ கணினிப் பெட்டிகள் உள்ளே பேசிக்கொள்கின்றன, அதைக் கேட்க ஸ்கேனர் வேண்டும்.

மேலை நாடுகளில் இந்த அறிவை நிறுவனங்களாகவே கட்டிவைத்தார்கள். அமெரிக்காவில் 1936-ல் தொடங்கிய நுகர்வோர் அமைப்பு ஒன்று, கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற பத்திரிகையை நடத்தி, வண்டி வைத்திருப்பவர்களிடம் என்ன பழுது வந்தது என்று கேட்டுப் பட்டியல் போடுகிறது. ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி. சாலையில் நின்றுபோன வண்டிகளுக்கு உதவப் போகும்போதே கணக்கெடுத்து வெளியிடுகிறது. அங்கே கட்டாயச் சோதனை நடத்தும் டியூவ் அமைப்புகளும் எந்த மாடல் எத்தனை சதவீதம் தேறவில்லை என்று அறிவிக்கின்றன. நாம் வாங்கப்போகும் மாடலை இவற்றில் தேடிப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அந்த நாட்டு இஞ்சின் வேறாக இருக்கலாம், டீசல் வேறு, சாலை வேறு, தூசி வேறு. அதைவிடப் பெரிய விஷயம், இந்தப் பட்டியல்கள் மாடலைப் பற்றித்தான் பேசும். நம் முன்னால் நிற்கிற வண்டியைப் பற்றிப் பேசாது.

இந்த வித்தியாசம் திருப்பூர்க்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சாம்பிள் பீஸ் ஓகே ஆனதால் மொத்தச் சரக்கும் ஓகே ஆகிவிடாது. பையரின் ஆள் வந்து, அட்டைப்பெட்டியைத் தானே தேர்ந்தெடுத்து, ஏ.க்யூ.எல். கணக்குப்படி பீஸை உருவிப் பார்ப்பார். இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்க ராணுவக் கொள்முதலில் வளர்ந்த முறை அது. ஜி.எஸ்.எம்., சுருக்கம், சாயம் போகுதா என்று ஒவ்வொன்றுக்கும் சோதனை உண்டு. தேறாத சரக்கு காதர்பேட்டைக்கு வரும்போதுகூட அது செகண்ட்ஸ் என்று வாங்குகிறவருக்குத் தெரியும். தன் பனியனுக்கு இத்தனை சோதனையை ஏற்றுக்கொள்கிற ஊர், வண்டி வாங்கும்போது பெயிண்ட்டையும் லெதர் சீட்டையும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடுவதுதான் விநோதம்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூழ்கிய கார்களில் சொகுசுக் கார்களும் இருந்தன. சரிசெய்வதைவிட முழு இழப்பாகக் கணக்கிடுவது லாபம் என்ற வண்டிகளைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏலத்தில் விட்டன. அப்படி ஏலத்துக்குப் போகிற வண்டி சுத்தம் செய்யப்பட்டு மறுபடி சாலைக்கு வந்துவிட முடியும். தண்ணீர் போன வயரிங் உடனே சாகாது, மெதுவாகத்தான் பச்சை பூக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் உள்ளே சேற்றுக் கோடு தெரியலாம். கார்ப்பெட்டுக்கு அடியில் துருவும் வாசனையும் இருக்கும்.

மலிவான வண்டியெல்லாம் எலுமிச்சையும் இல்லை. 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில் 10 வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்குத் தடை போட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை அமல்படுத்தச் சொன்னது. அதனால் அங்கே நல்ல டீசல் வண்டிகளும் விலை இறங்கின. வண்டியில் குறை இல்லாமலே விலை குறைந்த கதை இது. ஆனால் அங்கிருந்து கொண்டுவர தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தால்தான் உண்மையான விலை தெரியும். ஆக, முதல் கேள்வி 'எவ்வளவு?' இல்லை, 'ஏன் இவ்வளவு கம்மி?'

அதற்கான பதில் பேச்சில் கிடைக்காது, காகிதத்தில் கிடைக்கும். சேசிஸ் எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் முழு வரலாற்றையும் கேட்பது முதல் வேலை. டிஜிட்டல் மீட்டரைத் திருப்பிவைக்க முடியும், ஒவ்வொரு சர்வீஸிலும் பதிவான கிலோமீட்டரைத் திருப்புவது கஷ்டம். காப்பீட்டில் நோ கிளைம் போனஸ் பூஜ்யம் என்றால், சமீபத்தில் எதற்குக் கிளைம் போனது என்று கேட்கணும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். கண்ணாடிகளிலும் தயாரிப்பு வருஷக் குறி உண்டு, ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. ஆர்.சி.யில் பைனான்ஸ் ஏறியிருக்கிறதா என்பதை அரசின் வாகன் பதிவிலேயே பார்க்கலாம். டீசல் புகை வடிகட்டி உள்ள வண்டி தினமும் அவினாசி ரோட்டு நெரிசலில் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடினால் அடைத்துக்கொள்ளும், அதனால் நம் ஓட்டம் எப்படி என்பதும் ஆராய்ச்சியில் ஒரு பகுதி. கடைசியாக, கம்பெனி நிலைக்குமா? 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸும் பாகங்களும் தொடரும் என்று சொன்னாலும், எண்டெவர் வைத்திருந்தவர்களின் கணக்கு ஒரே நாளில் மாறியது.

இவ்வளவையும் கேட்டால் 'நம்பிக்கை இல்லீங்களா?' என்று விற்கிறவர் முகம் சுளிப்பாரோ என்ற கூச்சம் கொங்கு நாட்டில் அதிகம். அகெர்லாஃபின் கட்டுரையைத் திருப்பிப் படித்தால் அந்தக் கூச்சம் போய்விடும். கேள்வி கேட்கப்படாத சந்தையில் முதலில் நஷ்டப்படுவது நல்ல வண்டி வைத்திருப்பவர்தான். அவருடைய வண்டிக்கும் சொத்தை வண்டியின் விலையே கிடைக்கிறது. ஸ்கேனர் போடலாமா என்று கேட்டதும் 'தாராளமா போடுங்க' என்று சாவியை நீட்டுகிறவரிடம் நாலாயிரம் ஐயாயிரம் அதிகம் போனாலும் பரவாயில்லை. எலுமிச்சம்பழத்தை அதற்கப்புறம் சக்கரத்துக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.