குறட்பூதம்

குறட்பூதம் என்பது கட்டைக் கால்களும் பானை வயிறும் உருண்டு திரண்ட கண்களும் கொண்ட குள்ள உருவப் பூதம். சைவ மரபில் இது சிவகணங்களுள் ஒன்று. ‘குறள்’ என்றால் குறுகிய வடிவம். இரண்டடி வெண்பாவுக்கும் வாமன அவதாரத்துக்கும் அதே பெயர் உண்டு.

ஐரோப்பாவில் இதற்கு நெருங்கிய உறவு ‘நோம்’. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுவிஸ் மருத்துவர் பாராசெல்சஸ், மண்ணுக்குரிய ஆவிகளுக்கு இட்ட பெயர் அது. பிற்காலக் கதைகள் அவற்றைச் சுரங்கத்துக்கும் புதையலுக்கும் காவலாளிகளாக்கின.

தமிழகத்துப் பூதங்களோ போருக்கும் போயின. சூரபதுமனோடு போரிட முருகன் பூதப்படையைத் திரட்டிச் சென்றதாகக் கந்தபுராணம் சொல்கிறது. போர் முடிந்து அவன் சினம் தணிந்த இடம் என்பது திருத்தணிக்கு வழங்கும் தலக்கதை.

பல்லவர், சோழர் கோயில்களில் கூரை விளிம்புக்கு அடியில் ‘பூதவரி’ ஓடும். பாடியும் ஆடியும் மத்தளம் கொட்டியும் பல்லைக் காட்டியும் நிற்கும் இந்தக் குள்ளர்களில் ஒருவர் முகம்போல் இன்னொருவர் முகம் இருப்பதில்லை. தெய்வ உருவங்களுக்கு விதித்த அளவும் அமைதியும் இங்கே தளர்ந்துவிடுவதால், சிற்பியின் குறும்பு வெளிப்படுகிறது.

எல்லாக் குள்ளருக்கும் இந்தக் கொண்டாட்டம் இல்லை. நடராசரின் காலடியில் கிடக்கும் முயலகன் அறியாமையின் உருவம். வலிப்பு நோய்க்கும் அவன் பெயர் வழங்கியது. திருத்தணிக்கு அருகிலுள்ள திருவாலங்காட்டில் கிடைத்த சோழர்கால நடராசர் செப்புத் திருமேனியில் அவனைக் காணலாம். அது இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. திருச்சிக்கு அருகே திருவாசியிலோ நடராசர் முயலகன்மேல் அல்ல, பாம்பின்மேல் ஆடுகிறார்.

செல்வம் காக்கும் வேலை குபேரனின் ஆட்களுக்கு. தொந்தி பெருத்த அவனுடைய சங்கநிதியும் பதுமநிதியும் குள்ள உருவிலேயே வாயிற்புறங்களில் நிற்கின்றன. இலங்கையில் அநுராதபுரத்து அபயகிரியிலும் இவ்விணையைப் பார்க்கலாம்.

பூதமென்றால் குள்ளமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் பொய்ச்சாட்சி சொல்பவரையும் பிறன்மனை நயப்பவரையும் பாசக்கயிற்றால் கட்டி அடித்துத் தின்னும் சதுக்கப்பூதம் அச்சுறுத்தும் காவல் தெய்வம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட பழமொழியில் மண்ணுக்குள் உறையும் பூதத்தின் நிழல் தெரிகிறது.

மலையாள நாட்டின் குட்டிச்சாத்தான் மந்திரவாதிக்கு ஏவல் செய்யும் குறும்புக்காரன். 1984இல் வந்த ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். அதில் மந்திரவாதியிடமிருந்து அவனைக் குழந்தைகள் விடுவிக்கிறார்கள்.