ஃபில்டர் எங்கே இருக்கிறது?

நாமக்கல்லில் என் தாய்மாமா ஒரு லாரிப் பட்டறை வைத்திருக்கிறார். கல்லூரிக் காலத்தில் என் விடுமுறைகள் பெரும்பாலும் அங்கேதான் கழிந்தன. வேலை கற்றுக்கொள்ளப் போனேன் என்று யாரிடமாவது சொன்னால் மாமா சிரிப்பார். டார்ச் பிடிப்பது, ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, டீ வாங்கி வருவது. இவ்வளவுதான் என் வேலை. ஆனால் எஞ்சின் ஆயில் மாற்றுவதை மட்டும் முழுசாக என் கையால் செய்ய விட்டார். "இதுல தப்புப் பண்றதுக்கு ஒண்ணுமில்லடா மாப்ள" என்பார். அது உண்மையில்லை என்று பிறகு தெரிந்தது.

சாதாரண லாரியில் ஆயில் மாற்றுவது இப்படி. எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். சூடான எண்ணெய் இளகி ஓடும், அடியில் படிந்த அழுக்கையும் கூட்டிக்கொண்டு வரும். பிறகு வண்டிக்கடியில் படுத்து சம்ப்பின் டிரெயின் பிளக்கைக் கழற்ற வேண்டும். பத்துப் பதினைந்து லிட்டர் கருப்பு எண்ணெய் கொட்டும். அடுத்தது ஃபில்டர். அது எஞ்சினின் விலாவில் சேசிஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவே, ஒரு கை மட்டும் நுழையும் சந்தில் இருக்கும். அதைத் திருகித் தளர்த்தியவுடன் உள்ளே நிற்கும் எண்ணெய் விளிம்பு வழியாக மணிக்கட்டில் இறங்கி, முழங்கை வழியாக அக்குள் வரை போகும். கையை எடுக்கவும் முடியாது. எடுத்தால் ஃபில்டர் முகத்தில் விழும்.

ஒருமுறை ஒரு பழைய டிப்பர் வந்தது. கை நீட்டிய இடத்தில் ஃபில்டரைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இரும்பு மூடியும் அதிலிருந்து கிளம்பும் இரண்டு தடித்த ஹோஸ்களும்தான் இருந்தன. ஹோஸ்களைப் பிடித்துக்கொண்டே போனால், சேசிஸின் வெளிப்பக்கத்தில் நின்றுகொண்டே கை எட்டும் உயரத்தில் ஃபில்டர் தொங்கியது. வாய் மேலே பார்த்திருந்தது. கழற்றினால் ஒரு சொட்டு சிந்தாது. புதியதை மாட்டும் முன் அதில் எண்ணெய் நிரப்பியும் வைக்கலாம். முன்பு வண்டியை வைத்திருந்தவர் யாரோ மாற்றியிருக்கிறார்.

மாமா அதைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எவனோ நம்மள நெனச்சுப் பண்ணியிருக்கான்."

இரண்டு ஹோஸ்களில் ஒன்றில் வெடிப்பு விட்டிருந்தது. ஹைட்ராலிக் கடையில் இரண்டையுமே புதிதாக அடித்து வாங்கி வந்து, நானே மாட்டினேன். ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது எண்ணெய் தடவி, வளையம் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று முறுக்கினேன். சம்ப்பை நிரப்பினேன். மாமா கேபினில் ஏறி, டீசல் போகாதபடி ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தார். எஞ்சின் பற்றாமல் வெறுமனே சுற்றும். அந்தச் சுற்றிலேயே பம்ப் எண்ணெயைத் தள்ளி, ஆயில் பிரஷர் முள் லேசாக எழும்ப வேண்டும். எழும்பிய பிறகுதான் ஸ்டார்ட் செய்வது அவர் வழக்கம்.

முள் எழும்பவில்லை. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை அடித்தார். எழும்பவில்லை.

"முள்ளு ஏறலைங்க மாமா" என்றேன், என்னமோ அவருக்குத் தெரியாத மாதிரி.

"எறங்கிப் பாரு. எந்த ஹோஸ எங்க போட்ட?"

மாற்றிப் போட்டிருந்தேன். இரண்டும் ஒரே தடிமன், ஒரே நீளம். ஃபில்டருக்குள் எண்ணெய் ஓரத்துச் சிறு துளைகள் வழியாக நுழைந்து, காகித மடிப்புகளைக் கடந்து, நடுத்துளை வழியாக வெளியேறும். எஞ்சின் நின்றபின் எண்ணெய் திரும்ப வடிந்துவிடாமல் இருக்க, ஓரத்துளைகளுக்குப் பின்னால் ஒரு ரப்பர் மடல் இருக்கும். நான் எண்ணெயை நடுத்துளை வழியாக அனுப்பியிருந்தேன். மடல் இறுக மூடிக்கொண்டது. அப்படியே ஸ்டார்ட் செய்து முள்ளைக் கவனிக்காமல் விட்டிருந்தால், சில நிமிடங்களில் பேரிங் தேய்ந்து எஞ்சின் சிக்கியிருக்கும். டிப்பர்காரருக்குப் பல மாத வருமானம் போயிருக்கும். மாமா திட்டவில்லை. சிவப்புப் பெயிண்டை எடுத்து வந்து ஒரு ஹோஸின் இரு முனையிலும் கோடு போட்டார்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி கூடவே வந்தது. ஃபில்டரை எஞ்சினோடு ஒட்டிவைத்தால் எங்கள் கை நனைகிறது. தள்ளிவைத்தால் ஹோஸ், மூட்டு, மாறிப்போகும் வழி என்று எஞ்சினுக்கு ஆபத்து வருகிறது. அதன் இடத்தை முதலில் யார், எதற்காக முடிவு செய்தார்கள்?

தேடிப் போனபோது முதலில் கிடைத்தது, ஃபில்டரே இல்லாத காலம். 1908இல் வந்து 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி காரில் ஃபில்டரும் கிடையாது, ஆயில் பம்பும் கிடையாது. சுழலும் ஃப்ளைவீல் எண்ணெயை வாரி இறைக்கும். எண்ணெய் மட்டம் பார்க்கும் குச்சியும் இல்லை. எஞ்சினின் பின்னடியில் மேலும் கீழுமாக இரண்டு சிறு குழாய்கள் இருக்கும். வண்டிக்கடியில் ஊர்ந்து போய்த் திறந்து பார்க்க வேண்டும். மேலே உள்ளதில் எண்ணெய் வந்தால் அதிகம், கீழே உள்ளதிலும் வராவிட்டால் குறைவு. உலகத்தையே காரில் ஏற்றியதாகப் பேர் வாங்கிய வண்டி, தன் சொந்தக்காரரை முதலில் மல்லாக்கப் படுக்க வைத்தது.

1923இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட், ஜார்ஜ் கிரீன்ஹால்ஷ் என்ற இருவர் காருக்கான எண்ணெய் வடிகட்டி ஒன்றை உருவாக்கினார்கள். ஸ்வீட்லாண்டுக்கு வடிகட்டுவதுதான் தொழில். சர்க்கரைப் பாகு வடிகட்டும் ஆலைகளில் பயன்பட்ட அழுத்த வடிகட்டி ஒன்று அவர் பெயராலேயே அறியப்பட்டது. கார் வடிகட்டிக்கு அவர்கள் வைத்த பெயர் ப்யூரோலேட்டர். 'சுத்த எண்ணெய், பிறகு' என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களை ஒட்டிச் செய்த பெயர். 1924இல் வந்த கிரைஸ்லர் கார் ஆயில் ஃபில்டரோடு விற்பனைக்கு வந்தது.

அடுத்து வந்த இருபது முப்பது ஆண்டுகளின் எஞ்சின் படங்களைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவற்றில் பலவற்றில் ஃபில்டர் எஞ்சினோடு ஒட்டியில்லை. பக்கவாட்டிலோ கேபினுக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள தகட்டிலோ தனியாக ஒரு டப்பா, அதற்கு இரண்டு மெல்லிய குழாய்கள். டிப்பரில் நாங்கள் பார்த்த அதிசயத்தின் தாத்தா. மெக்கானிக்கை நினைத்து அப்படி வைக்கவில்லை. ஏற்கெனவே வடிவமைத்து முடித்த எஞ்சினில் பின்னால் சேர்ந்த விருந்தாளி அது. இடம் இருந்த இடத்தில் உட்கார்ந்தது. பம்ப் தள்ளும் எண்ணெயில் சிறு பங்குதான் அதற்குள் போய்த் திரும்பும். மிச்சம் வடிகட்டாமலே பேரிங்குக்குப் போகும். அந்த மெல்லிய குழாய் அடைத்துக்கொண்டாலும் எஞ்சின் ஓடும்.

பிறகு முழு எண்ணெயும் வடிகட்டி வழியாகவே போகும் முறை வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதுவே வழக்கமானது. இதில் ஃபில்டர் அடைத்தால் எஞ்சினே பட்டினி. அதனால் அடைத்தால் திறந்து வழிவிடும் வால்வு ஒன்றைச் சேர்த்தார்கள். குழாய் ஒழுகினாலும் இனி எஞ்சின் சாகும். ஆகவே குழாயே வேண்டாம் என்று ஃபில்டரை எஞ்சினின் உடம்பிலேயே பதித்தார்கள். 1950களின் நடுவில் டப்பாவோடு கழற்றி வீசும், திருகி மாட்டும் ஃபில்டர் வந்தது. மூட்டுகள் குறைந்தன, ஒழுக்கு குறைந்தது, தொழிற்சாலையில் செலவும் குறைந்தது. எஞ்சின் பக்கம் நின்று பார்த்தால் எல்லாமே சரியான முடிவுகள். அந்த எஞ்சின் ஒரு சேசிஸுக்குள் இறங்கியபின் அங்கே ஒரு கை நுழைய வேண்டும் என்ற கணக்குதான் பல நேரம் விட்டுப்போனது.

கை நனைந்தால் என்ன, கழுவினால் போச்சு என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தக் கருப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும்வரை.

1930களில் டீசல் எஞ்சின்கள் பரவியபோது, கரி படிந்து பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்வது பெரிய தொல்லையாக இருந்தது. டிராக்டர் செய்யும் கேட்டர்பில்லரும் கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்டு ஆயிலும் சேர்ந்து, அழுக்கை ஒட்டவிடாமல் எண்ணெயிலேயே மிதக்கவைக்கும் சேர்மானங்களைக் கொண்ட எண்ணெயை அந்தப் பத்தாண்டில் கொண்டுவந்தன. இன்றைய டீசல் ஆயில் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். மாற்றிய கொஞ்ச நாளிலேயே ஆயில் கருத்துவிட்டதென்று டிரைவர்கள் சண்டைக்கு வருவார்கள். "கருத்தாத்தான் அது வேல செய்யுதுன்னு அர்த்தம்" என்பார் மாமா. சரிதான். கரித்துகள் மிக நுண்ணியது. ஃபில்டரின் காகிதம் அதில் பெரும்பகுதியைப் பிடிப்பதில்லை. எண்ணெய்தான் சுமக்கிறது. எஞ்சினைக் காப்பாற்ற எண்ணெய் வாங்கிக்கொண்ட அழுக்குதான் ஃபில்டர் கழற்றும்போது கையில் இறங்குவது.

கரியும் தோலும் சந்தித்தால் என்னாகும் என்பதற்கு இதைவிடப் பழைய வரலாறு ஒன்று இருக்கிறது. 1775இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைக்கூண்டு துடைக்கும் தொழிலாளர்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று எழுதினார். ஒரு தொழிலையும் ஒரு புற்றுநோயையும் முதன்முதலில் சேர்த்துப் பேசிய எழுத்துகளில் ஒன்று அது. பிறகு அதே நோய் லங்காஷயர் நூற்பாலைகளில் தெரிந்தது. மியூல் என்ற நூற்பு எந்திரத்தின் கதிர்களுக்கு விடும் எண்ணெய், குனிந்து வேலை செய்பவர்களின் கால்சட்டையை நாள் முழுக்க நனைத்தது. 1922இல் மான்செஸ்டர் மருத்துவர்கள் இதை எழுதினார்கள். தீங்கு குறைந்த எண்ணெயையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி பிரிட்டனில் 1953இல்தான் வந்தது. நடுவே 31 ஆண்டுகள்.

இன்றைய புது எஞ்சின் ஆயில் நன்றாகச் சுத்திகரித்தது, அந்த நூற்பாலை எண்ணெய் அல்ல. ஆனால் ஓடி முடித்த எண்ணெயில் எரிபொருளின் எச்சங்களும் சேர்ந்திருக்கும். அவற்றில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய கூட்டுப்பொருள்களும் உண்டு. பெட்ரோல் எஞ்சினில் அதிகம், டீசலில் குறைவு. ஒருநாள் பட்டால் ஒன்றுமில்லை, வருஷக்கணக்கில் படக்கூடாது என்பதுதான் விஷயம். மாமாவின் கைக்கு முப்பது வருஷக் கணக்கு. விரல் சந்துகளில் தோல் வெடித்து, ஆறி, மறுபடி வெடிக்கும். டீசலில் கை கழுவி, பனியன் வேஸ்ட்டில் துடைப்பார். டீசல் தோலின் எண்ணெய்ப் பசையையும் சேர்த்து எடுத்துவிடும். தோல் டாக்டர் களிம்பு கொடுத்து, "ஆயில் படாம பாத்துக்கங்க" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லி மாமா சிரித்தார்.

எஞ்சினுக்கு எண்ணெய் போகாவிட்டால் சொல்ல டாஷ்போர்டில் ஒரு முள் இருக்கிறது. நான் செய்த தப்பை அது பத்து வினாடியில் காட்டிக்கொடுத்தது. கைக்கு அப்படி ஒரு முள்ளை யாரும் வைக்கவில்லை. அதனால்தான் ஃபில்டரின் இடத்தைப் பற்றிய எல்லா முடிவுகளிலும் எஞ்சின் ஜெயித்துக்கொண்டே வந்தது என்று நினைக்கிறேன். தள்ளிவைத்த ஃபில்டர் அந்தக் கணக்கைக் கொஞ்சம் திருப்புகிறது. இரண்டு ஹோஸ் கூடுதல். அவை சேசிஸில் உரசுகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் தடவிப் பார்க்க வேண்டும். ஹோஸுக்குள்ளும் எண்ணெய் நிற்கும் என்பதால், ஓட்டி நிறுத்தியபின் மட்டம் பார்த்து மறுபடி ஊற்ற வேண்டும். கவனம் கூடுதலாகத் தேவைப்படும் ஏற்பாடு. அந்தக் கவனத்தை எஞ்சின் கேட்கிறது, பதிலுக்குக் கையை விட்டுவிடுகிறது.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அந்த டிப்பர் பட்டறையில் நின்றது. சிவப்புக் கோடு மங்கியிருந்தது. நான் வாங்கிப் போயிருந்த ரப்பர் கையுறைப் பெட்டியை மாமா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நட்டு கைக்குத் தட்டுப்படாதேடா" என்றார். பிறகு அடுத்த லாரிக்கடியில் படுத்தார். அதன் ஃபில்டர் வழக்கம்போல உள்சந்தில்தான் இருந்தது. வலக்கைக்கு மட்டும் ஒன்று மாட்டியிருந்தார்.

நான் டிப்பரிடம் போய், பெயிண்டை எடுத்து ஹோஸில் புதுக் கோடு போட்டேன்.