டாக் தாவின கதை

ரெண்டு வாரமா ஆணி ஜாஸ்தி மக்களே, அதான் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியலை. வந்ததும் வராததுமா ஒரு வரலாற்றுப் பாடம். ஓடிடாதீங்க, ராஜராஜ சோழன் எல்லாம் இல்லை. கம்ப்யூட்டர் திரையோட அடியில ஐகான்லாம் வரிசையா உக்காந்திருக்குமே, அந்தப் பட்டையோட வரலாறு. மேக் பொட்டியில அதுக்கு டாக்னு பேரு. (நாய் இல்லைங்க, கப்பல் வந்து நிக்கிற டாக்.)

எதுக்கு இப்ப இதுன்னு கேப்பீங்க. போன வாரம் ஒரு டெமோ. என் மேஜையில ரெண்டு மானிட்டர். இடது பக்கம் என் சொந்தக் குப்பை எல்லாம், வலது பக்கத் திரையை மட்டும் கிளையண்டுக்கு ஷேர் பண்ணியிருந்தேன். ஃபார்ம்ல கடைசி பட்டனை அமுக்கலாம்னு மவுஸை இறக்கினா, அது கொஞ்சம் அதிகமா இறங்கி அடி விளிம்புல இடிச்சு நின்னுடுச்சு. அவ்வளவுதான். இடது திரையில இருந்த டாக் அங்க காணாமப் போய் இங்க முளைச்சிடுச்சு! அதோட வலது மூலையில நான் மினிமைஸ் பண்ணி வெச்சிருந்த ரெஸ்யூமே. பதட்டத்துல மவுஸ் நேரா அது மேலயே போய் நிக்க, ஃபைல் பேரு வேற தனியா மேல வந்து பல்லைக் காட்டுது. லைன்ல நம்ம டேமேஜரும் இருந்தார். ஒண்ணும் சொல்லலை. அதான் பயமே.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. ஒரு பட்டையை ஒரே திரையில கட்டிப் போடறது அவ்ளோ கஷ்டமா என்னன்னு தோண்ட ஆரம்பிச்சேன். கொசுவத்தியை 1987 வரைக்கும் சுத்த வேண்டியதாப் போச்சு.

அந்த வருஷம்தான் ஆப்பிள் மேகிண்டாஷ் II-வை விட்டாங்க. உள்ள ஆறு நூபஸ் ஸ்லாட். ஒண்ணுக்கு மேல வீடியோ கார்டு சொருகி, அத்தனை திரையையும் சேர்த்து ஒரே பெரிய மேஜை மாதிரி பாவிக்கலாம். ஆனா மெனு பட்டை ஒண்ணே ஒண்ணுதான். அது எந்தத் திரையில இருக்கணும்? இதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி எனக்கு ரொம்பப் பிடிச்சுது. கண்ட்ரோல் பேனல்ல மானிட்டர்ஸ்னு ஒரு இடம். உங்க திரைகளைக் குட்டிக் குட்டிப் பெட்டியா வரைஞ்சு காட்டும். அதுல ஒரே ஒரு பெட்டியோட தலையில மட்டும் மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு. அதைப் பிடிச்சு இழுத்து எந்தப் பெட்டி மேல போடறீங்களோ, மெனு அங்க. மேனுவல் படிக்க வேணாம், பொட்டி ஒண்ணும் ஊகிக்காது. நாம சொல்றோம், அது கேக்குது. எனக்கு இதுல இருக்குற மரியாதை பிடிச்சிருக்கு.

டாக் ஆப்பிள்ல பிறந்ததில்லை. ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வெளிய போய் ஆரம்பிச்ச நெக்ஸ்ட் கம்பெனியோட பொட்டியில, திரையோட வலது ஓரத்துல செங்குத்தா நின்னுச்சு. 1996 கடைசியில நெக்ஸ்ட்டை வாங்கறதா ஆப்பிள் அறிவிச்சாங்க, 2001-ல வந்த மேக் ஓஎஸ் எக்ஸ்ல டாக் அடியில வந்து படுத்துக்கிச்சு.

அது சரி, எல்லாரும் ஏன் ஓரத்தையே தேடிப் போறாங்க? இங்கதான் பால் ஃபிட்ஸ்னு ஒரு அமெரிக்க உளவியல்காரர் வர்றார். கை ஒரு இலக்கைத் தொட எவ்வளவு நேரமாகும்ங்கறது இலக்கோட தூரத்தையும் அகலத்தையும் பொறுத்ததுன்னு 1954-ல கணக்குப் போட்டுக் காட்டினார். திரையோட ஓரத்துல ஒரு சுவர் இருக்கு. மவுஸை எவ்வளவு முரட்டுத்தனமா தள்ளினாலும் அங்க முட்டி நின்னுடும். அதனால ஓரத்துல இருக்குற பொருள் குட்டியா இருந்தாலும், நம்ம கைக்கு அது மைதானம் மாதிரி.

இப்ப பக்கத்துல இன்னொரு மானிட்டர் வைங்க. நடுவுல இருந்த சுவர் போச்சு! மவுஸ் பாட்டுக்கு அடுத்த வீட்டுக்குள்ள நுழைஞ்சிடும். மொத்தத் தலைவலியும் இந்த ஒரு இடிஞ்ச சுவர்லதான்.

இதுல நல்லா அடிபட்டவங்க உபுண்டுக்காரங்க. 2011-ல யூனிட்டியை எல்லாருக்கும் கொடுத்தப்ப லாஞ்சரை இடது ஓரத்துல நிறுத்தினாங்க. கீழ கொண்டு போக வசதி வேணும்னு ஜனங்க கெஞ்சினதுக்கு, எங்க வடிவமைப்புக்கு ஒத்து வராதுன்னுட்டாங்க. (2016-ல 16.04 வந்தப்பதான் மனசு இறங்குச்சு.) 12.04-ல எல்லாத் திரையிலயும் ஒரு லாஞ்சர். ரெண்டாவது திரையோட இடது ஓரம்னா அது முதல் திரையோட வாசல் ஆச்சே? மவுஸ் நிக்கவே நிக்காதே? அதுக்காக ஓரத்துல கோந்து தடவினாங்க. நிஜமாத்தான் சொல்றேன், அந்த வசதிக்கே ஒட்டுற ஓரம்னுதான் பேரு. திரை விட்டுத் திரை தாண்டறப்ப மவுஸ் நடுவுல ஒட்டிக்கிட்டு இழுக்கும். நல்ல வேளை, கோந்தை அணைக்கவும், லாஞ்சரை ஒரே திரையில வெச்சுக்கவும் செட்டிங் கொடுத்திருந்தாங்க.

விண்டோஸ் கதை சின்னது. 98-லயே ஒன்பது மானிட்டர் வரைக்கும் மாட்டலாம், டாஸ்க்பார் மட்டும் ஒண்ணுதான். ரெண்டாவது திரையிலயும் வேணும்னா அல்ட்ராமான் மாதிரி வெளி மென்பொருளைத் தேடி ஓடணும். 2012-ல விண்டோஸ் 8 வந்துதான் எல்லாத் திரையிலயுமா, ஒண்ணுலயான்னு அவங்களே கேட்டாங்க.

மேக்ல என்னாச்சுன்னா, 2011-ல லயன்னு ஒரு பதிப்பு. அதுல ஒரு புரோகிராமை முழுத்திரை ஆக்கினா மத்த மானிட்டர் எல்லாம் சாம்பல் துணி போத்திக்கிட்டு சும்மா நிக்கும். காசு குடுத்து வாங்கின மானிட்டர்! ஜனங்க திட்டித் தீர்த்தாங்க. அதைச் சரி பண்ணத்தான் 2013-ல மேவரிக்ஸ்ல ஒவ்வொரு திரைக்கும் தனி மெனு, தனி இடம்னு கொடுத்தாங்க. டாக் மட்டும் ஒண்ணு. எந்தத் திரையோட அடியில மவுஸால முட்டறீங்களோ அங்க ஓடி வரும். நியாயமான யோசனைதான், மறுக்கலை. ஆனா நான் கூப்பிட்டேனா, இல்ல தெரியாம இடிச்சேனான்னு அதுக்கு எப்படித் தெரியும்? வெள்ளைக் கோட்டை இழுக்கச் சொன்ன அதே கம்பெனி, இருபத்தாறு வருஷம் கழிச்சு ஊகிக்க ஆரம்பிச்சுது. எனக்கு வினை அங்க விதைச்சதுதான்.

தப்பிக்க ரெண்டு வழி இருக்கு. டெஸ்க்டாப் அண்ட் டாக் செட்டிங்ல 'டிஸ்ப்ளேஸ் ஹாவ் செபரேட் ஸ்பேசஸ்' அப்டிங்கறதை அணைச்சுட்டு, லாக் அவுட் பண்ணி திரும்ப வந்தா டாக் முதன்மைத் திரையை விட்டு நகராது. ஆனா மெனுவும் அங்க மட்டும்தான், முழுத்திரை போட்டா பழையபடி மத்தது இருட்டு. ரெண்டாவது வழி, டாக்கை இடது ஓரத்துக்கு மாத்தறது. மானிட்டர் பக்கத்துல பக்கத்துல இருந்தா, இடது கோடியில இருக்குற திரையோட ஓரத்துல மட்டும்தான் அது நிக்கும். அங்கதான் சுவர் இன்னும் இடியலையே!

நான் ரெண்டாவதைப் பண்ணிட்டேன். ரெஸ்யூமே இப்ப ஃபோன்ல இருக்கு. வர்ற செவ்வாய்க்கிழமை டேமேஜர் 'ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா'ன்னு காலண்டர்ல மீட்டிங் போட்டிருக்கார். தலைப்பு ஒண்ணும் போடலை.