பிஸ்டல் சுடும்போது மணிக்கட்டு வலிக்குதா? பிடியைக் கொஞ்சம் கவனிங்க!

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றது பிஸ்டலில்தான். 2021-ல் தமிழ்நாடு மாநில துப்பாக்கி சுடுதல் போட்டியில் நடிகர் அஜித் பதக்கங்களை அள்ளியதும் பிஸ்டல் பிரிவுகளில்தான். டிவியில் பார்க்க ஈஸியாகத் தெரியும் விளையாட்டு இது. ஆனால் ரேஞ்சுக்குப் போகத் தொடங்கிய சில வாரங்களிலேயே பலரைப் பிடித்துக்கொள்வது மணிக்கட்டு வலி.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவை நம்பிப் பயிற்சி எடுக்கும் இளைஞர், போலீஸ் பயிற்சியில் இருப்பவர், துறைமுகப் பாதுகாப்பில் உள்ள சிஐஎஸ்எஃப் வீரர் என யாராக இருந்தாலும் இந்த வலியை "தானாச் சரியாயிடும்" என்று விட்டால் வேலைக்கே சிக்கல் வரலாம்.

வலி ஏன் வருது?

காரணம் துப்பாக்கியைப் பொறுத்து மாறும்.

ஏர் பிஸ்டலில் 4.5 மி.மீ. பெல்லட்டைக் காற்றழுத்தம் தள்ளுகிறது. பின்னுதைப்பு கிட்டத்தட்ட இல்லை. இங்கே பிரச்சினை எடைதான். விதிப்படி 1,500 கிராம் வரை இருக்கலாம். பெரும்பாலானவை 1 கிலோவை ஒட்டி இருக்கும். அதை ஒரே கையில், கையை முழுசா நீட்டித் தூக்க வேண்டும். போட்டியில் 75 நிமிடத்தில் 60 ஷாட். அதாவது குறைந்தது 60 தடவை தூக்கி இறக்கணும். பயிற்சியில் இதைவிட அதிகம்.

போலீஸ் பயன்படுத்தும் 9 மி.மீ. பிஸ்டலில் கதை வேறு. குண்டு வெளியேறும்போது துப்பாக்கி பின்னால் உதைத்து, முனை மேலே எழும்பும். அந்த அதிர்வு நேராக மணிக்கட்டில் இறங்கும். பிடி தளர்வாக இருந்தால் வலி மட்டுமல்ல, அடுத்த தோட்டா சரியாக ஏறாமல் துப்பாக்கி சிக்கவும் செய்யும்.

எந்த இடத்தில் வலி? அதுதான் க்ளூ

• கட்டைவிரல் பக்கம்: கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்களின் உறை தடிப்பதால் வரும் 'டி குர்வெய்ன்' பாதிப்பாக இருக்கலாம். 1895-ல் இதை விவரித்த சுவிஸ் மருத்துவரின் பெயர் இது. கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி மடக்கி, கையைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். சுரீர் என்று இழுத்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும். காசிமேட்டில் வலை இழுப்பவருக்கும், கைக்குழந்தையைத் தூக்கும் தாய்க்கும் வருவது இதே வலிதான்.

• சுண்டுவிரல் பக்கம்: அங்குள்ள குருத்தெலும்பு அல்லது தசைநாணில் பாதிப்பு இருக்கலாம்.

• கட்டை, ஆள்காட்டி, நடுவிரல்களில் மரமரப்பு, ராத்திரியில் அதிகம்: மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படும் 'கார்பல் டனல்' பாதிப்பாக இருக்கலாம்.

சரியான பிடி எப்படி?

1. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள 'வி' பள்ளம், பிடியின் பின்பக்கத்தில் முடிந்தவரை மேலே உட்கார வேண்டும். கை கீழே இறங்க இறங்க முனை அதிகமாக எழும்பும், மணிக்கட்டுக்குச் சுமை கூடும்.

2. மேலிருந்து பார்த்தால் குழலும் முழங்கை வரையிலான கையும் ஒரே கோட்டில் இருக்கணும். கோடு உடைந்தால் மணிக்கட்டு பக்கவாட்டில் வளைந்தபடியே வேலை செய்யும்.

3. அழுத்தம் நடுவிரல், மோதிர விரலில் இருந்து நேராகப் பின்னோக்கி வரட்டும். கட்டைவிரல் சும்மா படுத்திருந்தால் போதும். அதை வைத்து நசுக்குவதுதான் பலர் செய்யும் தப்பு.

4. உறுதியாகக் கைகுலுக்கும் அளவு அழுத்தம் போதும். கை நடுங்கினால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம்.

5. ட்ரிக்கரை இழுக்கும் ஆள்காட்டி விரல் மட்டும் தனியாக அசைய வேண்டும்.

6. பத்து விநாடிக்குள் சுட முடியவில்லையா? கையை இறக்கி, மூச்சுவிட்டு மறுபடி தூக்குங்கள்.

போலீஸ் பயிற்சியில் இரண்டு கையால் பிடிக்கும்போது, துணைக் கை முன்பக்க விரல்களின் மேல் இறுக்கமாகச் சுற்றி உதைப்பைப் பங்குபோட வேண்டும்.

போட்டி பிஸ்டல்களின் மரப்பிடி சிறியது, நடுத்தரம், பெரியது எனப் பல அளவில் வரும். கிளப் பிஸ்டலை எல்லோரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்போது, உங்கள் கைக்கு அது பெரிசா என்று முதலில் பாருங்கள். பயிற்சியாளரிடம் கேட்டு அளவு மாற்றலாம். உள்ளங்கை தாங்கியைச் சரிசெய்யலாம். சொந்தப் பிடி என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் சரிப்படுத்தலாம்.

பேண்ட் கட்டிக்கிட்டு சுடலாமா?

போட்டியில் கூடாது. சர்வதேச கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் இருக்கக் கூடாது. சுடும் கையில் வாட்ச், வளையல்கூட அனுமதி இல்லை. அதனால் பேண்ட் இல்லாமல் சுட முடியாத கை, போட்டிக்குத் தயாராகாத கை.

வலி வந்தா என்ன செய்யணும்?

முதலில் சுடுவதை நிறுத்துங்கள். துணியில் சுற்றிய ஐஸ் 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவுவது, சொடக்கு எடுப்பது வேண்டாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சியைத் தொடர்வது இன்னும் மோசம். வலி மறையும், பாதிப்பு வளரும்.

மரமரப்பு, வீக்கம், கையில் இருக்கும் பொருள் நழுவுவது, இரண்டு வாரம் தாண்டியும் குறையாத வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். கீழே விழுந்து கை ஊன்றிய பிறகு கட்டைவிரல் அடியில் வலித்தால் உடனே எக்ஸ்ரே அவசியம். டி குர்வெய்ன் பாதிப்பு பெரும்பாலும் ஓய்வு, கட்டைவிரல் ஸ்ப்ளிண்ட், தேவைப்பட்டால் ஊசி ஆகியவற்றிலேயே சரியாகும். சிலருக்கு மட்டும் சிறிய அறுவை சிகிச்சை தேவைப்படும்.

தண்டையார்பேட்டை மக்கள் தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்தில் பழைய ஜெயில் ரோட்டில் உள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையில், டாக்டர் ஆர்.வெங்கடசாமி 1971-ல் தொடங்கிய கை அறுவை சிகிச்சைப் பிரிவு நாடு முழுக்கப் பேர்பெற்றது. புறநோயாளியாகப் போய்க் காட்டலாம்.

மறுபடி எப்போ சுடலாம்?

வலி இல்லாமல் கதவுத் தாழ்ப்பாளைத் திருக முடிந்த பிறகு. முதலில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக் கை நீட்டித் தூக்கிப் பாருங்கள். எடை ஏறக்குறைய ஏர் பிஸ்டல் அளவுதான். அடுத்து, பயிற்சியாளர் முன்னிலையில் தோட்டா இல்லாத வெற்றுப் பயிற்சி. பிறகு 10 ஷாட், 20 ஷாட் எனக் கூட்டுங்கள்.

அவசரப்படுபவர்களுக்கு ஒரு பெயர்: ஹங்கேரியின் காரோலி டகாக்ஸ். 1938-ல் கையெறி குண்டு வெடித்து அவருடைய வலது கை சிதைந்தது. இடது கையில் ஆரம்பத்திலிருந்து பழகி, 1948, 1952 என இரண்டு ஒலிம்பிக்கில் பிஸ்டல் தங்கம் வென்றார். அதற்கு அவர் பத்து வருஷம் காத்திருந்தார். மணிக்கட்டு ஆறுவதற்குச் சில வாரம் கொடுப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.