மாத்திரைக்கு முந்தின களி
தினமும் ஒரே ஒரு சத்து மாத்திரைதான்னா எதை வாங்கலாம்னு பெங்களூர் சொந்தக்காரங்க அடிக்கடி கேக்கறாங்க. எங்க ஓசூர் பக்கம் அதுக்கான பதில் ரொம்ப காலமா தட்டுலயே இருந்தது. ராகிக் களி! நூறு கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம்; தீட்டின அரிசியில் பத்தைத் தாண்டினாலே பெரிசு.

மானாவாரிச் செம்மண்ணுக்குன்னே பிறந்த பயிர். பூச்சி அவ்வளவா அண்டாது. அதனால குழி வெட்டி, கொட்டி மூடி, மழை பொய்க்கிற வருஷத்துக்குன்னு வெச்சிருந்தாங்க.

1970-களில் சிப்காட் வந்தது. ஷிப்டு வேலை, கேன்டீன் சோறு, ரேஷன் அரிசி. களி ஏழைச் சாப்பாடுன்னு ஆயிடுச்சு, விருந்தாளிக்குப் போட வெக்கம். (எல்லை தாண்டினா அதே உருண்டை 'முத்தே'ன்னு ஓட்டல்ல ஜம்முனு விக்குது.) 2023 மே மாசம் தர்மபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் ரெண்டு கிலோ அரிசிக்குப் பதிலா ராகி கொடுக்க ஆரம்பிச்சாங்க. அரை நூற்றாண்டு லேட்டு!

மாத்திரையே வேண்டாம்னு சொல்லலை. பி12 ராகியில் கிடையாது, டாக்டர் சொன்னா சாப்பிடுங்க. ராகியில் இருக்கிற பைட்டேட் கால்சியத்தைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கும். முளைகட்டிக் காயவெச்சு அரைச்சா அது குறையும். குழந்தைங்களுக்குக் கூழ் காய்ச்ச எங்க பாட்டிங்க அப்படித்தான் அரைச்சாங்க.