மரப்பாலம்: பேர் மட்டும்தான் மிச்சமா?

புதுச்சேரியில் கடலூர் பக்கம் போற டவுன் பஸ்ஸில் ஏறினா, முதலியார்பேட்டை தாண்டினதும் கண்டக்டர் "மரப்பாலம் எறங்கு"ன்னு குரல் கொடுப்பார். இறங்கிப் பார்த்தா சிக்னல் இருக்கும், டீக்கடை இருக்கும், நாலு பக்கமும் வண்டி இருக்கும். மரப்பாலம் மட்டும் இருக்காது. இந்த ஊர்ல பொறந்து வளர்ந்த நான் அதை ஒரு கேள்வியாக நினைச்சதே இல்லை. பதுளையிலிருந்து வந்திருந்த ஒரு மலையக நண்பர்தான் இறங்கினதும் கேட்டார்: "பாலம் எங்கங்க?"

"பேர் மட்டும்தான் சார் மிச்சம்" என்றேன்.

"எங்க ஊருப் பக்கம் ஒண்ணு இருக்கு. கூரையோட. இன்னமும் நடந்து போகலாம்" என்றார்.

அவர் சொன்னது போகொட மரப்பாலம். பதுளைக்கு மேற்கே சுமார் 7 கிலோமீட்டரில், கல்லந்த ஓயா என்ற ஆற்றின்மேல் நிற்கிறது. 16-ஆம் நூற்றாண்டுப் பாலம் என்கிறார்கள். இலங்கையில் எஞ்சியிருக்கும் மரப்பாலங்களில் இதுதான் பழையது. பதுளையையும் கண்டியையும் இணைத்த பழைய வழியில் இருக்கு. சுமார் 15 மீட்டர் நீளம், இரண்டு மீட்டருக்கும் குறைவான அகலம். ஆணிகூட மரத்தில்தான். தலைக்கு மேலே ஓட்டுக்கூரை.

பாலத்துக்கு எதுக்குக் கூரை? நடக்கிறவன் நனையாம இருக்கத்தான்னு நானும் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். அது உபரி லாபம்தான். கூரை முக்கியமாகப் பாலத்துக்காகப் போட்டது. மரத்தை அழிப்பது வயசு கிடையாது, ஈரம். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறவரை உளுக்க வைக்கிற பூஞ்சை பெரும்பாலும் வளராது. மழை நேரா விழாமல், காத்தும் ஓடிக்கிட்டு இருந்தா மரம் நூற்றாண்டுக்கணக்கில் நிற்கும். திறந்தவெளியில் நனைஞ்சு காய்ஞ்சு நனைஞ்சு கிடக்கிற மரம் சில பத்தாண்டுகள்கூடத் தாங்குறது கஷ்டம். அமெரிக்காவிலும் சுவிட்சர்லாந்திலும் கூரைப் பாலங்கள் அத்தனை கட்டினதுக்குக் காரணமும் இதேதான். விலை அதிகமான உத்திரத்தைக் காப்பாத்த, விலை குறைஞ்ச கூரையைப் பலி கொடுக்கிறது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். புதுச்சேரியில் கூரை போட்ட மரப்பாலம் கிடையாது. ஆனா பொதுவழிக்கு மேலே மரத்தூண் நட்டு, ஓடு வேய்ந்த கூரை நம்மகிட்ட இருந்தது. அதுக்குப் பேர் தாழ்வாரம்.

1693-இல் ஒல்லாந்தர்கள் இந்த ஊரைப் பிடித்து, 1699-இல் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். இடையில் அவர்கள் வரைந்த வீதித் திட்டத்தில்தான் இன்றைய நேர்நேரான தெருக்களின் வேர் இருக்கிறது. பிறகு கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே தமிழர் பகுதி என்று ஊர் பிரிந்தது. கிழக்குப் பக்கம் போனா உயரமான மதில், பெரிய கேட். வெயிலில் நடக்கிறவனுக்கு அங்கே ஒதுங்க இடமில்லை. தமிழர் வீதிகளில் வீட்டுக்கு முன்னால் திண்ணை, அதுக்கும் முன்னால் தெருவை ஒட்டி மரத்தூண்கள் மேல் சரிந்து இறங்கும் தாழ்வாரம். அடுத்தடுத்த வீட்டுத் தாழ்வாரங்கள் சேர்ந்தபோது தெரு முழுக்க நிழலான நடைபாதை கிடைத்தது. கூரை வீட்டுக்காரருடையது, அதன் கீழே நடப்பவர் யாரோ.

எங்க தாத்தா வீட்டிலும் அப்படி ஒண்ணு இருந்தது. ஆறு தூண், நாட்டு ஓடு. ஒவ்வொரு தூணுக்கும் கீழே ஒரு கல், மரம் தரையைத் தொடாமல் இருக்க. சாலை போடும்போதெல்லாம் பழசைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கிட்டே வந்தாங்க. தெரு உயர்ந்தது, கல் மண்ணுக்குள் போனது, தூணின் அடி ஈரத்தில் நின்றது. அப்புறம் 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல். ஒரு மூலையில் நாற்பது ஐம்பது ஓடு பறந்தது. ஊரே இருட்டில் கிடந்த நேரம், யார் ஓடு மாத்துவாங்க? "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தார்ப்பாய் கட்டினோம். அந்தத் தார்ப்பாயும் கிழிந்தது. அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை அந்த ஓட்டை வழியா இறங்கி ரீப்பர், கைமரம், உத்திரம் என்று வரிசையாகத் தின்றது.

ஆசாரி ஒருத்தர் வந்து உளியால் தட்டிப் பார்த்துச் சொன்னார்: "மேல்மரம் வைரமா இருக்கு தம்பி. கால்தான் போயிருக்கு. ஒரு முழம் வெட்டி ஒட்டுப் போட்டா நிக்கும். மொதல்ல ஓட்டை மாத்துங்க."

நாங்க கேட்கலை. பங்காளிகள் கூடிப் பேசினதில், தாழ்வாரம் இருக்கிற இடம் தெருவோட இடமா நம்ம இடமா என்பதே தெளிவில்லை, அதுக்கு ஏன் செலவு என்று முடிவானது. தூண்களைப் பழைய மரக்கடைக்குப் போட்டோம். நானும் அந்தப் பேச்சில் உட்கார்ந்திருந்தேன், ஒண்ணும் சொல்லலை. இன்று அங்கே இரண்டு பைக் நிற்கும் தகரக் கூரை.

இதுக்கு நேர்மாறான உதாரணம் அதே ஊர்ல இருக்கு. வைசியாள் வீதி, அதாவது கல்வே சுப்பராய செட்டி வீதி. 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நேவ்-சுர்-லோ நகரங்களோடு புதுச்சேரி கைகோத்தது. இன்டாக் அமைப்பு உடன் நின்றது. வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு அந்த வீதியின் ஒரு பகுதி முகப்புகளை, தாழ்வாரம் திண்ணையோடு சீர்செய்தார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளிலும் இடம் கிடைத்தது. தனி மாளிகையைக் காப்பாத்துறது வேற, ஒரு தெருவின் வரிசையைக் காப்பாத்துறது வேற. பக்கத்து வீட்டுத் தாழ்வாரம் போனா, நம்ம தாழ்வாரம் எங்கேயும் போகாத பாலம் மாதிரிதான்.

"பழைய மரத்தை மாத்திட்டா அது பழைய கட்டடமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. லூசர்ன் நகரின் 14-ஆம் நூற்றாண்டு கூரைப் பாலம் 1993 ஆகஸ்டில் எரிந்தது. இரண்டு முனைகளும் தப்பின, நடுப்பகுதி போனது. எட்டு மாதத்தில் மறுபடி கட்டி 1994 ஏப்ரலில் திறந்தார்கள். வியட்நாமின் ஹோய் ஆன் கூரைப் பாலத்தைச் சீரமைத்து 2024 ஆகஸ்டில் திறந்தபோது, புதுசு மாதிரி பளபளக்குதே என்று மக்களே குறைப்பட்டார்கள். நம்ம கடற்கரைச் சாலை மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று இடிந்து விழுந்தது. 1870-71-இல் கட்டியது. 2021-இல் அதே தோற்றத்தில் புதுசாக எழுப்பித் திறந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கு. ஆனா கொஞ்சம் கொஞ்சமாக மரம் மாத்தி நிற்கிற கட்டடத்தையும், விழுந்தபின் எழுப்பின கட்டடத்தையும் என்னால் ஒன்றாகப் பார்க்க முடியலை. முதலாவதில் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டைப் பார்த்துப் பொருந்தியிருக்கும். இரண்டாவதில் படத்தைப் பார்த்துப் பொருந்தியிருக்கும்.

பராமரிப்பு என்ற வார்த்தை திட்ட அறிக்கைகளில் கடைசிப் பக்கத்தில் வரும். மரத்தைப் பொறுத்தவரை அதுதான் முதல் பக்கம். புரட்டாசி முடியறதுக்குள்ள ஓடு பார்க்கிறது, தூணடியைச் சுற்றி மண்ணை எடுக்கிறது, அடுத்த முறை சாலை போட வரும்போது பழசைச் சுரண்டச் சொல்லிச் சண்டை போடுறது. விருதும் நிதியும் இதைச் செய்யாது. அந்த வீட்டில் இருப்பவர்தான் செய்யணும். நாங்கள் அன்றைக்கு ஐம்பது ஓடு வாங்கியிருந்தா ஆறு தூணும் இன்றைக்கும் நின்றிருக்கும்.

நண்பர் ஊருக்குக் கிளம்புமுன் வைசியாள் வீதிக்குக் கூட்டிப்போனேன். மழை பிடித்துக்கொண்டது. ஒரு தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். அங்கே ஏற்கெனவே ஒரு பூக்காரம்மாவும் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நின்றிருந்தார்கள். வீட்டுக்காரர் யாரென்று எங்கள் ஐந்து பேருக்கும் தெரியாது.

உங்கள் வீதியில் தாழ்வாரம் ஏதாவது மிச்சம் இருந்தா, மழைக்கு முன்னாடி ஒரு தடவை தலையைத் தூக்கி ஓட்டைப் பாருங்க.