மதில் இருந்த வழியே ஒரு நடை

நம் இறைமக்களுள் வசதி படைத்தோர் பலர் இன்று உரோமைக்கும் லூர்து நகருக்கும் திருப்பயணம் சென்று வருகின்றனர். கையில் ஒரு வழிகாட்டி நூலை வைத்துக்கொண்டு, இந்தத் தூணை எழுப்பியவர் யார், இந்த வாயில் எந்தப் பேரரசன் காலத்தது என்று கேட்டுக்கேட்டு நடந்ததை ஊர் திரும்பியபின் ஆர்வத்தோடு விவரிக்கின்றனர். கேட்பதற்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் லால்குடியில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் சென்றடையக்கூடிய திருச்சிராப்பள்ளியை நாம் அவ்வாறு நடந்து பார்த்ததுண்டா? மருத்துவமனைக்கும் துணிக்கடைக்கும் கல்லூரி விண்ணப்பத்திற்கும் போகிறோம். வேலை முடிந்ததும் திரும்பிவிடுகிறோம். அதுவும் ஒரு தலைநகரம் என்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

முற்காலச் சோழரின் தலைநகரான உறையூர் இன்று திருச்சியின் ஒரு பகுதி. மதுரை நாயக்கர்கள் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்கள் அரசிருக்கையைத் திருச்சிக்கு மாற்றினர். திருமலை நாயக்கர் அதை மீண்டும் மதுரைக்குக் கொண்டு சென்றார். அவருக்குப் பின் வந்த சொக்கநாத நாயக்கர் மறுபடியும் திருச்சியையே தலைநகராக்கினார். 1689 முதல் ஏறத்தாழ 1706 வரை இராணி மங்கம்மாள் ஆண்டது இங்கிருந்துதான். 1736 அளவில் மீனாட்சி அரசியின் வீழ்ச்சியோடு நாயக்கர் ஆட்சி முடிந்தது. அதன்பின் சந்தா சாகிபு, மராத்தியர், ஆர்க்காட்டு நவாபு, இறுதியில் 1801-இல் ஆங்கிலக் கம்பெனி எனப் பலர் கைக்கு இந்நகரம் மாறியது.

இந்நகரத்தை நடந்து பார்க்க வழிகாட்டி ஒருவரும் தேவையில்லை. கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்து வரும் நம் பேருந்து சத்திரம் நிலையத்தில் இறக்கிவிடும். அதனருகிலேயே தூய லூர்தன்னை ஆலயத்தின் கூர்ங்கோபுரம் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், பிரான்சு நாட்டு லூர்துப் பேராலயத்தை மாதிரியாகக் கொண்டு எழுப்பப்பட்ட ஆலயம் இது. அதைச் சூழ்ந்துள்ள தூய வளனார் கல்லூரி 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பெற்று, 1883-இல் திருச்சிக்கு இடம் பெயர்ந்தது. இராமேசுவரத்து இளைஞரான அப்துல் கலாம் 1954-இல் இயற்பியலில் பட்டம் பெற்றது இங்குதான். ஒரு கத்தோலிக்கக் கல்லூரியின் முற்றத்தை இசுலாமிய மாணவர் ஒருவர் தம் வீட்டு முற்றம்போல் கருத முடிந்தது என்பதை அங்கு நின்று எண்ணிப் பார்க்கலாம்.

அங்கிருந்து சில அடிகளில் மெயின்கார்டு கேட். பழைய கோட்டையின் மேற்கு வாயில். பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் எழுப்பியதாகக் கூறப்படும் மதிலும் அதைச் சுற்றிய அகழியும் நகரை நாற்புறமும் காத்து நின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, அந்த இடத்தில் அகன்ற சாலைகளை அமைத்தார்கள். அவற்றைத்தான் இன்றும் மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு என்று அழைக்கிறோம். புலிக்கும் அந்தச் சாலைக்கும் எவ்விதத் தொடர்புமில்லை. பிரெஞ்சு மொழியின் 'புலவார்' என்ற சொல் நம் மக்கள் நாவில் புலிவார்டு ஆயிற்று. அச்சொல்லின் மூலப்பொருளோ இன்னும் சுவையானது. கோட்டைக் கொத்தளத்தைக் குறித்த பழைய செருமானிய இனச் சொல் ஒன்றே பிரெஞ்சில் நுழைந்து, கொத்தளத்தை இடித்த இடத்தில் போடப்பட்ட மரநிழற் சாலைக்குப் பெயராயிற்று. ஆக, புலிவார்டு ரோட்டில் நடப்பவர் அறிந்தோ அறியாமலோ மதிலின் பெயரைச் சொல்லியே நடக்கிறார்.

ஏறத்தாழ அதே காலத்தில் ஐரோப்பியத் தலைநகரான வியன்னாவிலும் இதுவே நிகழ்ந்தது. 1683-இல் துருக்கியரின் முற்றுகையைத் தாங்கி நின்ற மதிலை அகற்றுமாறு 1857-இல் பேரரசர் பிரான்சு யோசேப்பு ஆணையிட்டார். மதில் இருந்த இடத்தில் வட்டச் சாலை தோன்றியது. உள்நகரமும் புறநகரங்களும் ஒன்றாயின. பயணிகள் இன்று அச்சாலையை வியந்து படம் எடுக்கின்றனர். நம் புலிவார்டைப் படம் எடுப்பார் இல்லை.

வாயிலினுள் நுழைந்தால் தெப்பக்குளம். அதன் கரையில் கிளைவு தங்கியதாகச் சொல்லப்படும் வீடு உள்ளது. அது வளனார் கல்லூரி மாணவர் விடுதியாகப் பயன்பட்டு வந்துள்ளது. 1751-52 ஆம் ஆண்டுகளில் இக்கோட்டைக்குள் முகம்மது அலி அடைபட்டிருக்க, வெளியே சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் முற்றுகையிட்டிருந்தனர். நம் சமயபுரத்தில் கிளைவு பாளையம் இறங்கினார். 1752 சூன் திங்களில் திருவரங்கத் தீவில் பிரெஞ்சுத் தளபதி லா சரணடைய, சந்தா சாகிபு கொல்லப்பட்டார். இந்தியாவை ஆளப்போகும் ஐரோப்பியர் யார் என்ற கேள்விக்கான விடையின் ஒரு பெரும்பகுதி நம் வயல்வெளிகளில் எழுதப்பட்டது. அவ்வயல்களுக்குரிய உழவரை எவரும் கலந்து கேட்கவில்லை.

தெப்பக்குளத்தின் அருகே கிறித்து ஆலயம். தரங்கம்பாடி மறைப்பணியைச் சேர்ந்த லூத்தரன் போதகர் சுவார்ட்சு 1766-இல் எழுப்பியது. தமிழை நன்கு கற்று, நம் மக்களிடையே வாழ்ந்து, 1798-இல் தஞ்சையில் மறைந்த அந்த நல்ல மனிதரின் ஆலயம் கோட்டைப் படைவீரர்க்கும் உரியதாயிருந்தது. நற்செய்தியும் பீரங்கியும் ஒரே மதிலுக்குள் குடியிருந்தன என்ற உண்மையை நாம் மறைக்கத் தேவையில்லை. மறைக்காமல் பார்ப்பதே நேர்மையான நடை.

அடுத்து மலைக்கோட்டை. நானூற்றுக்கு மேற்பட்ட படிகள். வழியில் பல்லவன் முதலாம் மகேந்திரன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த குகைக்கோயிலின் கல்வெட்டு, அம்மன்னன் வேறொரு நெறியிலிருந்து சிவநெறிக்குத் திரும்பியதைக் குறிப்பால் உணர்த்துகிறது. மனமாற்றம் என்பது மறைப்பணியாளரோடு இந்நாட்டிற்கு வந்ததன்று என்பதற்கு இப்பாறையே சான்று. உச்சியில் நின்றால் வடக்கே, 1987-இல் நிறைவு செய்யப்பட்ட திருவரங்கத்து இராசகோபுரம். கொள்ளிடத்திற்கப்பால் திருத்தவத்துறை என்று பழம்பெயர் கொண்ட நம் லால்குடிப் பக்கத்துப் பசுமை. கீழே ஆலயங்களின் கோபுரங்களும் பள்ளிவாசல்களின் தூபிகளும். மலையடியில் இராணி மங்கம்மாளின் பெயரால் வழங்கும் கொலுமண்டபம் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

கடைவீதிகளைக் கடந்து தெற்கே சென்றால் நத்தர்வலி தர்கா. எல்லாச் சமயத்தாரும் வேண்டுதலோடு வந்து போகும் இடம். 1623-இல் துறவுக் கோலத்தில் மதுரையிலிருந்து புறப்பட்ட தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் திருச்சிக்கு வந்தார். தம் பணிமுறையால் உயர்சாதியார் எனப்பட்டோரை அணுகினார். பிறருக்கெனப் பண்டார சுவாமிகள் என்ற தனிப்பிரிவு 1640 முதல் தோன்றியது. அக்காலச் சூழலில் அது நற்செய்திக்கு ஒரு வழியாகக் கருதப்பட்டது. ஆயினும் இரண்டு வகை மக்களுக்கு இரண்டு வகைக் குருக்கள் என்ற ஏற்பாட்டில் ஒரு மதிலின் கடைக்கால் இருந்ததை இன்று நம்மால் காண முடிகிறது. இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. 1826 ஏப்பிரல் 3-ஆம் நாள் திருச்சியில் திடீரென மறைந்து, 1821-ஆம் ஆண்டின் தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்ற ஆங்கிலிக்கன் ஆயர் ஈபரும் தமிழ்க் கிறித்தவரிடையே சாதி பற்றிய வழக்கை எதிர்கொண்டார். அவருக்குப் பின்வந்த ஆயர் வில்சன் 1833-இல் ஆலயத்தினுள் சாதி வேறுபாடு கூடாதெனச் சுற்றறிக்கை விடுத்தபோது எதிர்ப்பு எழுந்தது.

நம் நடை மேலப்புதூரில் முடியட்டும். 1841-இல் நிறைவுற்ற மரியன்னைப் பேராலயம் இங்குள்ளது. 1837-க்குப் பின் மீண்டும் வந்த இயேசு சபையாரின் உழைப்பையும், 1886-இல் மறைமாவட்டத்தின் முதல் ஆயரான கனோசு ஆண்டகையின் நினைவையும் அது சுமந்து நிற்கிறது. பேராலயத்தில் செபித்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இறந்த தலித் கிறித்தவரைப் பிறரிடமிருந்து பிரித்து அங்கு ஒரு சுவர் எழுப்பப்பட்டது. 2010-இல் அதை இடிக்க முயன்ற போராட்டத்தால் அச்சுவர் நாடெங்கும் செய்தியாயிற்று. போராடியோர் நம் திருச்சபைக்கு வெளியிலிருந்தும் வந்தனர் என்பது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும்.

பகைவரின் பீரங்கிக்கு அஞ்சிக் கட்டிய பெருமதிலை, அச்சம் நீங்கியதும் இந்நகரம் இடித்தது. அதன்மீது இன்று எல்லாரும் ஒன்றாக நடக்கிறார்கள். எந்தப் பக்கத்தார் உள்ளே, எந்தப் பக்கத்தார் வெளியே என்று கேட்பார் இல்லை. கல்லறையில் சுவர் எழுப்பியோர் யாருக்கு அஞ்சினர்? உயிர்ப்பின் நாளில் ஒரே எக்காளத்திற்கு எழ வேண்டியவர்கள் நடுவே செங்கல்லை அடுக்கியவர்கள் எந்த உயிர்ப்பை நம்பினர்? கிறித்து தம் உடலால் பகைமையின் தடுப்புச் சுவரைத் தகர்த்தார் என்று எபேசியருக்கு எழுதிய திருமுகம் கற்பிக்கிறது. அத்திருமுகத்தைப் பீடத்தில் வாசிக்கும் நாம், பேராலயத்திற்கு மிக அருகிலேயே அதற்கு மறுப்புரை எழுத இடம் கொடுத்தோம்.

ஆகவே பங்குகளில் உள்ள இளையோர் மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றுலாவுக்குத் தொலைதூரப் பேருந்து பேசுமுன், ஒரு ஞாயிறு பிற்பகல் சத்திரத்தில் இறங்கி, புலிவார்டு வழியாக மேலப்புதூர் வரை நடந்து பாருங்கள். பெரியோரையும் அழைத்துச் செல்லுங்கள். திரும்பியபின் உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்திற்கும் ஒருமுறை செல்லுங்கள். சுவர் செங்கல்லால் இல்லாமல் வழக்கத்தாலும் ஆகியிருக்கலாம். எந்தச் சப்பரம் எந்தத் தெருவோடு நிற்கிறது என்பதிலும் அது ஒளிந்திருக்கலாம். அதைக் கண்டால் உங்கள் பங்குத்தந்தையிடம் வந்து சொல்லுங்கள்.